லிமோசின் வேண்டாம், மொரிஸ் மைனர் போதும். பிறேக்கை மட்டும் முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியதும் திருகோணமலையில் பழைய மாணவர் ஒன்றுகூடல்கள் களைகட்டத் தொடங்கிவிடும். 'எழுபதுகளின் இரவு', 'எண்பதுகளின் இரவு' என்று பெயர் வைத்து, அந்தக் காலத்து உடுப்பு, தலையலங்காரம், பாட்டு, வாகனம் என்று ஒரு மாலையைக் கொண்டாடும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அமெரிக்க உயர்பாடசாலைகளின் 'புரொம்' இரவைப் படங்களில் பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து நீண்ட லிமோசின் கார் எடுப்போமா என்று கேட்கிறார்களே, அதுதான் எங்களுக்கு ஒட்டவில்லை. லிமோசினும் மணிக்கட்டில் கட்டும் பூவும் அந்த ஊர்க்காரரின் இளமை. இங்கே உயர்தர வகுப்புப் பிரியாவிடைக்கு றலி சைக்கிளில்தான் போனார்கள். வசதிப்பட்டால் ஒரு மொரிஸ் மைனரில் ஐந்தாறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கார்களும் சைக்கிள்களும் கசெற்றுகளும் இன்னும் ஊரில் கிடக்கின்றன. அவற்றையே எடுத்துப் பாவியுங்கள் என்பது எங்கள் கட்சி. ஒரு மாதத்துக்கு முன்பே கையில் எடுக்க வேண்டும். கடைசி நாள் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தால் நடுத்தெருவில் காலை வாரிவிடும்.

முதலில் கார். மிஞ்சியிருக்கும் மைனர்களில் அதிகம் 948 அல்லது 1098 சி.சி. எஞ்சின் கொண்டவை. எஞ்சினைக் கிளப்பி, சத்தம் நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட்டு விடுகிறார்கள். பார்க்க வேண்டியது பிறேக்கை. சாரதியின் காலடியில், விரிப்பைத் தூக்கினால், தரைத் தகட்டில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் கீழே பிரதான சிலிண்டரின் வாய் தெரியும். பிறேக் எண்ணெய் அதற்குள்தான். கண்ணுக்கு மறைவான இடம் என்பதால் வருடக்கணக்காக யாரும் திறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் கறுத்துக் கலங்கியிருந்தால் முழுவதையும் வெளியேற்றிப் புதிதாக நிரப்புங்கள். பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துச் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சுபோல இறங்கிவிடும். பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் உள்றப்பர் தேய்ந்துவிட்டது. சக்கரங்களுக்குப் போகும் றப்பர்க் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். இந்தக் காரில் எண்ணெய் ஒரே சுற்றாக ஓடுகிறது. ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிறேக் போய்விடும், பின்சக்கரத்தைக் கம்பியால் இழுக்கும் கைப்பிறேக் மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்தது முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டு. அது மரை வெட்டிய மூட்டு. கிறீஸ் காய்ந்தால் மரை தேயும், தேய்ந்தால் ஒரு நாள் கழன்று சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துவிடும். வேகமாகப் போகும்போதுதான் நடக்கும் என்றில்லை, மண்டப வாசலில் ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போதும் நடக்கலாம். ஜக் வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'டக்' என்று தட்டினால் அந்தக் கார் ஊர்வலத்துக்கு வேண்டாம். தட்டாவிட்டால், சக்கரம் தூக்கியபடியே, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை புதிய கிறீஸ் அடியுங்கள். மூட்டில் காரின் பாரம் இல்லாதிருந்தால்தான் கிறீஸ் மரைக்குள் முழுதாகப் போகும்.

இனிச் சூடு. கச்சான் காற்றடிக்கும் ஓகஸ்ட் பிற்பகலில் வெயில் 35 பாகை செல்சியசை எட்டும். அந்த வெயிலில் மேளக் கோஷ்டிக்குப் பின்னால் நடை வேகத்தில் காரை உருட்டுவது எஞ்சினுக்குச் செய்யும் பாவம். விசிறி எஞ்சின் பெல்ற்றில்தான் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். போதாக்குறைக்கு முன் கிறிலை மறைத்து வாழைக்குருத்து, பூமாலை, பெயர்ப் பதாகை எல்லாம் கட்டிவிடுகிறார்கள். றேடியேற்றருக்குக் காற்றுப் போகும் வழியே அதுதான். சோடனையைப் பொனற்றின் மேலும் பின்பக்கத்திலும் வையுங்கள், கிறிலைத் தொடாதீர்கள். மைனரில் வெப்பம் காட்டும் மானி கிடையாது. ஆவி கிளம்பிய பிறகுதான் விஷயம் தெரியும், அப்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். மேளம் முன்னே போகட்டும். கார்கள் தெருமுனையில் எஞ்சினை நிறுத்தி நின்று, இடைவெளி கிடைத்ததும் இரண்டாம் கியரில் ஒரே ஓட்டமாக வந்து சேரட்டும். கிளச்சைப் பாதி மிதித்தபடி ஊர்ந்தால் கிளச் தட்டும் கருகும்.

உவர்மலை ஏற்றத்தில் கவனம். இந்தக் காரின் முதல் கியர், கார் உருளும்போது இலகுவில் விழாது. பல்லோடு பல் உரசிக் கத்தும். ஏற்றத்தின் அடியிலேயே முழுதாக நிறுத்தி, முதல் கியரைப் போட்டுவிட்டு ஏறுங்கள். சாரதியோடு நாலு பேருக்கு மேல் வேண்டாம், அந்தக் காலத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கதையெல்லாம் மண்டபத்தில் சொல்லலாம்.

மின்விளக்குச் சோடனை செய்யும் தம்பிமாருக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கார்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வாகனங்களில் நெகற்றிவ். எல்.ஈ.டி. பட்டியையோ புளூருத் ஸ்பீக்கரையோ பழக்கதோஷத்தில் உடலில் ஒரு வயரும் மற்றதில் ஒரு வயருமாகக் கொடுத்தால் ஒன்றில் வேலை செய்யாது, அல்லது கருகிவிடும். சில கார்களைப் பின்னாளில் மாற்றியும் இருப்பார்கள், ஆகவே மீற்றர் வைத்துப் பாராமல் தொடாதீர்கள். சோடனைக்குத் தனியாக ஒரு 12 வோல்ற் பற்றரியை டிக்கிக்குள் வைத்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. காரில் இருப்பது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது பற்றரிக்கு ஒன்றும் கொடுக்காது. ஹெட்லைற் இரண்டும் ஏறக்குறைய 8 அம்பியர் குடிக்கும். பற்றரி பழையதென்றால், லைற்றோடு ஊர்ந்த பிறகு திரும்பிப் போகும்போது தள்ள வேண்டி வரலாம்.

சைக்கிளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பி பிறேக் றப்பர் கல்லாகியிருக்கும், மாற்றுங்கள். ரயரில் உரசும் டைனமோ 6 வோல்ற், 3 வோற். முன் பல்பு போனால் முழு மின்னும் பின் பல்புக்கு ஏறி அதையும் எரித்துவிடும். இரண்டுக்கும் மாற்று வைத்திருங்கள்.

பாட்டுக்கு வருவோம். கனடாவிலிருந்து வருபவர்கள் அன்போடு றெக்கோட் பிளேயர் கொண்டுவருகிறார்கள். அது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் மின்னுக்குச் செய்தது. இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஸ்ரெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. மோட்டர் நேரடியாக மின்னின் துடிப்போடு சுற்றும் பழைய வகையாக இருந்தால், 33⅓ சுற்று றெக்கோட் 28 சுற்றுக்கும் குறைவாக ஓடும். பாடகி ஆண் குரலில் பாடுவார். அடப்ரரில் ஓடும் டீ.சி. மோட்டர் வகையென்றால் இந்தத் தொல்லை இல்லை. உள்ளூர்ப் பிளேயரிலும் இதே சங்கதி ஜெனரேற்றரில் வரும். கரண்ட் போய் ஜெனரேற்றர் 52 ஹேர்ட்ஸில் ஓடினால் பாட்டு 4 வீதம் வேகமாகும். சுருதி அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும், பாட்டைப் பழகிய செவிக்குத் தெரியும்.

பிளேயரை மிக்சரின் சாதாரண லைன் துளையில் செருகினால் சத்தம் தகர டப்பாபோலத்தான் கேட்கும். றெக்கோட்டில் தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டித்தான் வெட்டியிருக்கிறார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்யும் 'போனோ' முன்பெருக்கி இடையில் இருக்க வேண்டும். பழைய 78 சுற்று அரக்குத் தட்டுகளுக்கு அகலமான வேறு ஊசி தேவை. அவற்றை ஸ்பிரிற் கொண்டு துடைக்கவே கூடாது, அரக்குக் கரைந்துவிடும்.

ஆனால் எண்பதுகளின் பாட்டு உண்மையில் இருப்பது கசெற்றில். துண்டில் பாட்டு வரிசை எழுதி, றெக்கோடிங் பாரில் கொடுத்து, ரீ.டி.கே. கம்பனியின் 60 நிமிட சீ-60இலோ 90 நிமிட சீ-90இலோ பதிந்து வாங்கிய கசெற்றுகள். அவற்றை மேடையில் நேரடியாகப் போடாதீர்கள். இரண்டு கிழமைக்கு முன்பே ஓடவிட்டுக் கணினியில் பதிந்துகொள்ளுங்கள், மேடையில் அந்தக் கோப்பு ஓடட்டும். பதியும் முன் கசெற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். நம் கடற்கரை ஈரத்தில் சர்வசாதாரணம். அதை கசெற் ஓட்டும் நல்ல டெக்கில் போட்டால் மற்றக் கசெற்றுகளுக்கும் தொற்றும். பூஞ்சணம் இல்லாததை முதலில் ஒரு தடவை முழுதாக முன்னே ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள், ஒட்டியிருக்கும் சுற்றுகள் விடுபடும்.

கசெற்றின் வாயில், நாடாவுக்குப் பின்னால், மெல்லிய செப்புத் தகட்டின்மேல் ஒரு சிறு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். நகத்தின் கால்வாசி அளவுதான். நாடாவை டெக்கின் தலையோடு, அதாவது நாடாவைப் படிக்கும் பாகத்தோடு, அழுத்திப் பிடிப்பது அது. பசை காய்ந்து அது விழுந்திருந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கும். பலர் நாடா கெட்டுவிட்டது என்று எறிவது இந்தக் கசெற்றைத்தான். திருகாணி போட்ட கூடென்றால் திறந்து, ஆகாத கசெற் ஒன்றின் தகட்டை மாற்றிவிடுங்கள். ஒட்டிய கூடென்றால் விளிம்பில் அலகு வைத்துப் பிளந்து, நாடாவைத் திருகாணிக் கூட்டுக்கு மாற்ற வேண்டும். சீ-120 இருந்தால் மிகக் கவனம். நாடா மெல்லியது, பழைய டெக் அதை விழுங்கிவிடும். விழுங்குவதற்கு முக்கிய காரணம் அழுக்கேறிய றப்பர் உருளை. ஐசோபுறொப்பைல் ஸ்பிரிற் தொட்ட பஞ்சால் தலையையும் உருளைக்கு எதிரே நிற்கும் இரும்புத் தண்டையும் துடையுங்கள், உருளையைச் சவர்க்கார நீர் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள். பெல்ற் தளர்ந்திருந்தால் சுருதி அலையும், அதற்கு வைத்தியம் புதுப் பெல்ற்தான்.

இன்னொன்று: ஒவ்வொரு றெக்கோடிங் பாரின் டெக்கும் தலையை ஒவ்வொரு சரிவில் வைத்திருந்தது. உங்கள் டெக்கின் தலைக்குப் பக்கத்தில் ஸ்பிறிங்கோடு இருக்கும் சிறு திருகாணியை, பாட்டு ஓடும்போதே, மயிரிழை அளவு அப்படியும் இப்படியும் திருப்பினால் ஓரிடத்தில் 'ச', 'ஸ' எழுத்துகள் பளிச்சென்று தெளியும். அங்கே நிறுத்திப் பதியுங்கள். அடுத்த கசெற்றுக்கு மறுபடியும் செய்ய வேண்டும்.

வானொலியிலிருந்து பதிந்த கசெற்றுகளில் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது, மத்திய அலையின் இயல்பு அது. ஈக்குவலைசரில் மேல்ப்பகுதியைத் தூக்கினால் இரைச்சல்தான் தூக்கலாக வரும். பாட்டின் தொடக்கத்தில் விழும் அறிவிப்பாளர் குரலை வெட்டவே வேண்டாம். இலங்கை வானொலி வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்தவர்கள் பாட்டைக் கேட்க முதல் அந்தக் குரலுக்குத்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான றீமிக்ஸ் அந்த வேலையைச் செய்யாது.

தலைக்கு வருவோம். ஆண்களுக்குத் தேவை முன்யோசனை மட்டுமே. மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் வளரும். காதை மூடும் எழுபதுகளின் வெட்டு வேண்டுமென்றால் பெப்ரவரியிலிருந்தே சலூனுக்கு ஓரம் வெட்ட மட்டும் போக வேண்டும். கிருதாவுக்கு ஒரு மாதம் போதும். ஓகஸ்ட் வெயிலில் விக் வைத்தால் அரை மணித்தியாலத்தில் கழற்றுவீர்கள். பிரில்கிறீம் பட்டாணி அளவு, ஈரத் தலையில். கூடினால் உருகிக் கொலருக்கு இறங்கும்.

பெண்களின் உயர்த்திய கொண்டை சரிந்து விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் தேங்காயெண்ணெய். தினமும் எண்ணெய் வைக்கும் தலையில் எந்தப் பின்னும் நிற்காது. முதல்நாள் இரண்டு தடவை ஷாம்பு போட்டு அலசுங்கள், கண்டிஷனர் வேண்டாம். உச்சி முடியை 2, 3 சென்ரிமீற்றர் தடிப்பில் பிரித்து, ஒவ்வொன்றையும் நேரே மேலே இழுத்துப் பிடித்து, அடியிலிருந்து அரைச் சாண் உயரத்தில் சீப்பை வைத்து வேரை நோக்கிக் கீழே மட்டும் தள்ளுங்கள். மேலும் கீழும் வாரினால் சிக்குத்தான் வரும். வேரில் ஸ்பிரே அடித்து அடுத்த பகுதிக்குப் போங்கள். முன்வரிசை முடியை மட்டும் சிக்காக்காமல் விட்டு, அதை மேலால் படியச் சீவி மூடிவிடலாம். அவிழ்க்கும்போது எண்ணெயோ கண்டிஷனரோ நிறையத் தடவி, நுனியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்பிரே அடித்த கையோடு மங்கள விளக்கேற்றப் போகாதீர்கள். அது தீப்பற்றும் சாமான், விளக்கோ குனிந்து ஏற்றுவது. கால் மணித்தியாலமாவது உலரட்டும், விளக்கேற்றுபவர் முன் முடியைப் பின்னோக்கிக் குத்தியிருக்கட்டும்.

இரட்டைப் பின்னலுக்கு றிபன் கடைசியில் கட்டினால் வழுகும். பின்னலின் பாதியிலேயே றிபனையும் ஒரு இழையாகச் சேர்த்துப் பின்னி, மடித்து, காதுக்குப் பின்னால் கட்டினால் இரவு முழுவதும் நிற்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு மீற்றர் வேண்டும். முடி மெலிந்தவர்கள் சவுரியைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும், நடுவில் சேர்த்தால் முடிச்சுத் தெரியும்.

டச்சு விரிகுடாப் பக்கம் கடற்காற்றில் நின்றுதான் படமெடுப்போம் என்றால் சுருட்டிய முடியை மறந்துவிடுங்கள். உருளை போட்டு எடுத்த சுருள் ஈரக் காற்றுப் பட்டதும் தளர்ந்து தொங்கும். அங்கே பின்னலும் கொண்டையும்தான் தாக்குப்பிடிக்கும். அல்லது படத்தை மண்டபத்துக்குள் முதலில் எடுத்துவிட்டுப் போங்கள்.

நேரத்தையும் இதற்கேற்ப வகுக்கலாம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும், எத்தனை மணிவரை என்பதையும் அங்கேயே கேளுங்கள். இரவு 10 மணிக்குள் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆகவே கார் ஊர்வலத்தை 5 மணிக்கு, வெயில் தணிந்து, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், ஹெட்லைற்றே தேவைப்படாது. ஆறரைக்கு விளக்கேற்றினால் பாட்டுக்கு முழுதாக மூன்று மணித்தியாலம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மோட்டார் திருத்தம், ஒலியமைப்பு, சிகை அலங்காரத் தொழில்களில் உள்ள வாசகர்கள் மூவர்,
திருகோணமலை.