காலியாக இருந்த கட்டம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மாடியில் அறை கட்டி முடித்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் கருத்தடை மாத்திரையால் உன் மனைவிக்கு, எனக்குத் தங்கச்சி மாதிரி இருப்பவளுக்கு, தலைவலி விடவே இல்லை என்று எழுதியிருந்ததுதான் மனதிலேயே நிற்கிறது. "ஆம்பளைக்கு இப்படி ஒரு மருந்து கிடையாதா?" என்று கேட்டிருந்தாயே!

போன மாதம் எங்கள் லேபுக்கு ஒரு பையன் வந்தான். வாட்டசாட்டமான உடம்பு. கல்யாணமாகி 2 வருஷம், குழந்தை இல்லை. அவன் விந்து சாம்பிளை மைக்ராஸ்கோப்பில் கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்த்தேன், ஒரு விந்தணுகூட இல்லை. சாம்பிளைச் சுழலவிட்டு அடியில் தங்கியதையும் பார்த்தேன், அதுவும் காலி. விசாரித்தால், ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டு வந்திருக்கிறான். "அது ஆண்மைக்கான மருந்துதானே சார்?" என்று கேட்டபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, விரையை வேலை செய்யத் தூண்டி அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் குறைத்துவிடும். விந்தணு உருவாக விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். ஊசியால் அந்த அளவை எட்ட முடியாது. உடம்பு முறுக்காக இருக்கும், உற்பத்தி மட்டும் நின்றுபோகும்.

இதையேதான் அளவோடு கருத்தடையாக்கப் பார்க்கிறார்கள். செஜெஸ்டெரோன் என்ற செயற்கை ஹார்மோனும் டெஸ்டோஸ்டிரோனும் கலந்த ஜெல்லைத் தினமும் தோளில் தடவும் ஆய்வு ஒன்று. 2024-ல் சொன்ன கணக்குப்படி, 15 வாரத்துக்குள் 86 சதவீதம் பேருக்கு விந்தணு எண்ணிக்கை, கருத்தடைக்குப் போதும் என்று கருதும் அளவான மில்லி லிட்டருக்கு 10 லட்சமோ அதற்குக் கீழோ வந்துவிட்டது. அதற்கு முன்பு 320 ஆண்களுக்கு 8 வாரத்துக்கு ஒருமுறை இதேபோல ஹார்மோன் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கர்ப்பத்தை நன்றாகவே தடுத்தது, ஆனால் மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகளால் 2011-ல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் மாத்திரை போடும் பெண்களின் மனச்சோர்வையும் தலைவலியையும் மட்டும் "பழகிவிடும்" என்று தள்ளுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜெல் இன்னும் கடைக்கு வரவில்லை. தங்கச்சியை டாக்டரிடம் கூட்டிப்போய் வேறு முறைக்கு மாற்று. அதுவரை ஆணுறை உன் பொறுப்பு. இரண்டு பிள்ளைகள் போதுமென்றால் கத்தியில்லா வாசெக்டமி என்ற ஆண்களுக்கான கருத்தடை சிகிச்சையைப் பற்றியும் கேள். நீயாக ஊசி கீசி என்று போய்விடாதே.

அந்தப் பையன் ஊசியை நிறுத்திவிட்டான். ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் போல ஆகும். பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிடும். ஐப்பசியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவன் சாம்பிளை நானே பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினேன்.

அன்புடன்,
முருகேசன்