டாக்டரம்மாவுக்கு ஒரு தையற்காரனின் நன்றி

கடை திறந்திருப்பதைப் பார்த்து விசாரித்த எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: சரியாகிவிட்டது. மூச்சில் வந்த நாற்றத்தால்தான் மூடினேன் என்பது தெருவுக்கே தெரியும். அதை விரித்து எழுத எனக்கு மனமில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பல் மருத்துவக் கல்லூரியில் என்னைப் பார்த்த இறுதியாண்டு மாணவிக்கு. பெயரைப் போட்டால் கூச்சப்படுவார், அதனால் டாக்டரம்மா என்றே எழுதுகிறேன். (படிப்பு முடியும்வரை அப்படிக் கூப்பிடாதீர்கள் என்றார். நான் கேட்பதாயில்லை.)

அதுவரை ஆளாளுக்கு வயிற்றைத்தான் குற்றம் சொன்னார்கள். இந்தப் பெண்ணோ முகக்கவசத்தை இறக்கிவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். வாயை மூடி மூக்கால் மூச்சுவிடச் சொன்னார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால். அப்புறம் ஒரு நாசியை அடைத்து மறு நாசியால். 1 முதல் 20 வரை எண்ணச் சொல்லி முகர்ந்தார். நாக்கின் பின்பகுதியை பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து அதையும் முகர்ந்துவிட்டு, வாடை எவ்வளவு என்பதற்கு 0 முதல் 5 வரை போடும் மதிப்பெண்ணைத் தாளில் குறித்துக்கொண்டார். அளவெடுக்க நெருங்கினாலே வாடிக்கையாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்து நொந்தவன் நான். அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு இது வாயிலேயே உண்டாவதுதான் ஐயா. ஈறும் நாக்கும் முதலில் சுத்தமாகட்டும்” என்றார். ஈறு பிரிவில் சுத்தம் செய்த பிறகு வாய் வாடை அடங்கியது. வலது நாசியில் வருவது மட்டும் போகவில்லை. காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

எனக்குத் திக்கென்றது. முன்பு வேறோர் இடத்தில் என் சீட்டை வாங்கிய ஊழியர், கூடம் முழுக்கக் கேட்கும்படி ‘வாய் நாற்றம் யாரு?’ என்று கூவியிருக்கிறார். இதை டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவராகவே, எழுதிய கடிதத்தை எனக்குத் தமிழில் வரிவரியாகச் சொன்னார்: ஈறும் நாக்கும் பார்த்தாயிற்று, வாடை வலது நாசியில் இருக்கிறது, அந்தப் பக்கத்து சைனஸை, அதாவது மூக்கை ஒட்டிய எலும்புக் குழியை, பார்க்க வேண்டுகிறோம். பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். பிறகு இழுப்பறையைத் துழாவி ஒரு பழுப்பு உறையை எடுத்து, கடிதத்தை மடித்து உள்ளே வைத்து, ஸ்டேப்ளரால் இரண்டு அடி அடித்தார். வெளியே என் பெயர், ஓ.பி. எண், பிரிவின் பெயர், அவ்வளவுதான்.

“டாக்டர் மட்டும் பிரிக்கட்டும் ஐயா.”

முகர்ந்து மதிப்பெண் போடுவதை எந்த மாணவருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். சீட்டு எத்தனை கை மாறும், அதில் ஒரு மனிதனின் மானமும் சேர்ந்தே போகிறது என்பதை அந்த வயதில் யோசிக்க யார் சொல்லிக் கொடுத்தார்களோ! பாடத்தில் இல்லையென்றால் சேர்த்துவிடலாம். அரைப் பக்கம் போதும்.

அந்தப் பேராசிரியருக்கும், ஈறு சுத்தம் செய்த மாணவருக்கும், சைனஸில் கட்டியிருந்த சீழைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்காமல் பொறுத்திருந்தவர்களுக்கும், ஒருநாளும் முகம் திருப்பாத என் மனைவிக்கும் என் நன்றி.

கடைசியாக ஒன்று. டாக்டரம்மா உறையைத் தேடிக் குனிந்தபோது அவர் கோட்டின் இடது பை ஓரம் பிரிந்து தொங்கியதைப் பார்த்தேன், தொழில் புத்தி. அந்தக் கல்லூரி மாணவர்கள் யாருடைய வெள்ளைக் கோட்டுக்கும் பை தைக்கவோ கை நீளம் குறைக்கவோ இனி என் கடையில் கூலி கிடையாது. மாலை ஐந்து மணிக்கு மேல் வரவும். கோட்டைத் துவைத்து எடுத்து வந்தால் உத்தமம்.