கல்லுக்கு நடைச்சீட்டு உண்டு, கல் உடைத்தவருக்கு?

கிருஷ்ணகிரி மாவட்டக் கனிம அறக்கட்டளையின் தலைவரான மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், அறக்கட்டளை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேப்பனப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. என் அண்ணன் பத்தொன்பது ஆண்டுகள் கல்குவாரியில் கம்ப்ரசர் ஓட்டினார். பாறையில் நூல் பிடித்தாற்போல வரிசையாகத் துளை போடுவது அவர் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஐம்பது வயது நிறைவதற்குள் மூச்சுக்கு ஏங்கி ஏங்கியே இறந்துபோனார்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் குவாரிச் சாலை தெரியும். கல் ஏற்றிச் செல்லும் லாரிக்கு நடைச்சீட்டு வேண்டும். எந்தக் குவாரியில் ஏற்றியது, எவ்வளவு ஏற்றியது, வண்டி எண் என்ன, எந்த ஊருக்குப் போகிறது என்றெல்லாம் அதில் இருக்கும். சீட்டு இல்லாத வண்டியைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அரசுக்குச் சேர வேண்டிய பணம் அது. ஆனால் அந்தச் சாலையைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு ஒரே நினைவுதான் வருகிறது. அண்ணன் துளை போட்டுப் பிளந்த கல், முறைப்படி வெளியே போயிருந்தால், அது போன வழிக்கு அரசிடம் கணக்கு இருக்கிறது. அண்ணன் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.

வேலைக் கணக்கு முழுவதும் மேஸ்திரியின் நோட்டில்தான் இருந்தது. இன்றைக்கு எத்தனை அடி துளை போட்டார், எவ்வளவு முன்பணம் வாங்கினார், எவ்வளவு கழிந்தது என்று அதில் எழுதுவார்கள். நோட்டு தீர்ந்தால் இன்னொரு நோட்டு. குவாரி இரண்டு முறை கைமாறியது. மேஸ்திரி சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். நோட்டுகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியவில்லை.

கம்ப்ரசர் வேலையை அருகில் நின்று பார்த்திராதவர்களுக்காக இதைச் சொல்லுகிறேன். உளி பாறைக்குள் இறங்க இறங்க, துளையிலிருந்து வெள்ளை மாவு ஊற்றுப்போலப் பீறிட்டு எழும். துளை போடுபவர் அதன்மேல் குனிந்துதான் நிற்க வேண்டும். அண்ணன் முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொள்வார். அரை மணி நேரத்தில் துண்டு காய்ந்து மொடமொடப்பாகிவிடும். மாலையில் வீட்டுக்கு வருகையில் புருவமும் மீசையும் நரைத்த கிழவரைப்போல இருப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அண்ணி அவர் சட்டையை வேப்பமரத்தில் அடித்து உதறிய பிறகுதான் துவைக்கப் போடுவார். அந்தத் தூசியில் பாதி அண்ணியின் மூச்சிலும் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

தண்ணீர் விட்டுக்கொண்டே துளை போட்டால் இந்த மாவு பறக்காது, சேறாக வழிந்துவிடும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. உலகமெங்கும் சுரங்கங்களில் பல பத்தாண்டுகளாக உள்ள முறை. அண்ணன் வேலை செய்த இடத்தில் தண்ணீர் வாங்கி வந்தது சாலையில் தெளிப்பதற்கு மட்டும், அதுவும் யாராவது பார்வையிட வரும் நாளில்.

முதலில் இருமல் வந்தது. பிறகு தோப்பின் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. காசநோய் என்றார்கள். ஆறு மாத மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டார். குறையவில்லை. மறுபடியும் ஆறு மாதம். சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும் மாத்திரை தொடர்ந்தது. கடைசியில் பெங்களூரில் ஒரு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். அத்தனை மாதங்களில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். சிலிகோசிஸ் என்ற சொல்லை அன்றுதான் கேட்டோம்.

கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணுக்குத் தெரியாத பொடியாக நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, அந்த இடத்தைத் தழும்பாக்கிவிடுகிறது. தழும்பு ஆறாது. வேலையை விட்ட பிறகும் நோய் வளர்ந்துகொண்டே போகும். இந்த நோய் வந்தவரைக் காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் ஒன்று மற்றொன்றைப்போலத் தோன்றவும் செய்யும். ஆகவே மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் குவாரிக்காரர் என்று காட்ட ஒரு தாள் இருந்திருந்தால், முதல் நாளிலேயே அவர்கள் அந்தத் திசையில் யோசித்திருப்பார்கள்.

நோயின் பெயர் தெரிந்த பிறகு இழப்பீட்டுக்காக அலைந்தோம். அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் சிலிகோசிஸ் தொழில்நோயாகவே இடம்பெற்றிருந்தது. அண்ணன் வேலை செய்த காலம் முழுவதும் நடைமுறையில் இருந்த 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், வேலை செய்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. வேலையில் சேரும்போதும், பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று விதிகள் கூறின. எங்களிடம் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அங்கே வேலை செய்ததற்கு ஆதாரம் எங்கே?" பத்தொன்பது ஆண்டுகளின் ஆதாரம் அந்த எக்ஸ்ரே படத்தில் இருந்தது. அதை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மண்ணுக்குள்ளிருந்து வந்த நோய் நமது இரண்டு மாவட்டங்களுக்கும் புதிதல்ல. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரை ஒரே மாவட்டம். பாறையிலிருந்து கிணற்று நீரில் கலந்த ஃபுளோரைடு இங்கே தலைமுறை தலைமுறையாகப் பற்களைக் காவியாக்கியது, எலும்புகளை வளைத்தது. அதைத் தலையெழுத்து என்று விட்டுவிடாமல் அரசு நோயென்று ஒப்புக்கொண்டது. 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டமாகத் தொடங்கி, 2013-இல் ஒகேனக்கல் காவிரி நீரை இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற நோயின் பெயர் இருக்கிறது. நோயின் பெயரைச் சொன்னதால்தான் தண்ணீர் வந்தது. சிலிகோசிஸ் என்ற பெயரையும் நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

குவாரிகளை மூடுங்கள் என்று நான் எழுதவில்லை. அண்ணன் கூலியில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். மழை பொய்த்த ஆண்டுகளில், கேழ்வரகும் மாந்தோப்பும் கைவிட்ட போது, எங்கள் ஊரில் அடுப்பு எரிந்தது குவாரிப் பணத்தால்தான். லாரி வாங்கியவர்கள், டயர்க்கடை வைத்தவர்கள், சாப்பாட்டுக்கடை நடத்தும் பெண்கள் எல்லோரும் எங்கள் மனிதர்கள். பெங்களூரின் அடுக்குமாடிகளுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் இந்த மலைகளைப் போன்ற மலைகளிலிருந்துதான் போக வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரிக் கிரானைட் பளபளப்பாகிக் கடல் கடந்தும் போகிறது. இந்த வணிகத்தில் யார் யாருக்கு எவ்வளவு லாபம் என்று நான் கணக்குக் கேட்கவில்லை. நுரையீரலும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக வர வேண்டும் என்கிறேன்.

எரிவாயுக் குழாய்க்கு எதிராக எங்கள் பக்கத்து உழவர்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு வரும் அந்தக் குழாயின் பாதையில் நமது இரண்டு மாவட்டங்களும் இருக்கின்றன. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழாய் போகும் நிலத்தில் மரம் வைக்கக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது. அதற்கு ஈடாகச் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். தென்னையும் மாவும் வைத்தவனுக்கு அது எந்த மூலைக்குப் போதும்? அவர்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் அவர்களுடைய நிலத்துக்கு ஒரு சர்வே எண் இருந்தது, அரசிதழில் அந்த எண் அச்சாகியது, அதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காட முடிந்தது. அண்ணன் உடம்புக்கு அந்த எண்ணும் இல்லை.

இனி உங்கள் அறக்கட்டளையைப் பற்றி. 2015-இல் சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டத்தைத் திருத்தி மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளையை ஏற்படுத்தியதன் நோக்கம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பகுதிகளுக்கும் நன்மை செய்வது. கிரானைட்டும் ஜல்லிக்கல்லும் சிறு கனிமங்கள். அவற்றை எடுப்பவர்களிடமிருந்தும் இதற்குப் பணம் வாங்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. இந்த நிதியில் குறைந்தது 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற முன்னுரிமைப் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று அந்த ஆண்டே மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்தன. 2024-இல் அதை 70 ஆக உயர்த்தினார்கள். மருத்துவத்துக்குக் கட்டடம் கட்டினால் மட்டும் போதாது, ஆட்களும் கருவிகளும் மருந்துகளும் வேண்டும், சுரங்க நோய்களைக் கவனிக்கும் வசதிகளை வடிவமைக்கத் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சுகாதார நிறுவனத்தின் உதவியைப் பெறலாம் என்றும் அந்த முதல் நெறிமுறைகளிலேயே எழுதியிருந்தார்கள். ராஜஸ்தானில் 2019-இல் சிலிகோசிஸ் உள்ளிட்ட தூசி நுரையீரல் நோய்களுக்கென்று மாநிலக் கொள்கை வகுத்தார்கள். நோய் உறுதியானவருக்கு மூன்று லட்சம் ரூபாய், அவர் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், அது தவிர ஓய்வூதியம். கனிம அறக்கட்டளைப் பணத்தை அங்கே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

முதல் வேலையாகப் பெயர்ப்பட்டியல் எடுங்கள். குவாரியிலும் கிரஷரிலும் இன்று வேலை செய்பவர்கள், முன்பு வேலை செய்து நின்றுவிட்டவர்கள், இறந்துபோனவர்கள் என எல்லோருடைய பெயரும் அதில் வர வேண்டும். குவாரிக்காரரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. யார் எந்தக் குவாரியில் எத்தனை ஆண்டு துளை போட்டார் என்பது ஊருக்குத் தெரியும். கூட வேலை செய்த இருவர் எழுந்து சொன்னால் அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குவாரிக் கொட்டகையில் தங்கியிருக்கும் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு எங்கள் கிராமசபை தெரியாது. நீங்கள்தான் கொட்டகைக்குப் போக வேண்டும். நோய் முற்றிய பிறகு அவர்கள் தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அங்கே அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

பட்டியலில் இருப்பவர்களுக்கு ஊருக்கே வண்டி வந்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும், மூச்சின் அளவைச் சோதிக்க வேண்டும். இரண்டு மாவட்டங்களிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படங்களைப் பார்க்க மருத்துவர்களைப் பழக்க முடியும். லாரிக்கு நடைச்சீட்டு வழங்கும் முன், அந்தக் குவாரியில் யார் யார் வேலை செய்கிறார்கள், கடைசியாக அவர்களுக்கு எப்போது பரிசோதனை நடந்தது என்ற பட்டியலைக் கேட்க வேண்டும் என்று புவியியல், சுரங்கத் துறைக்குப் பரிந்துரை செய்யுங்கள். தண்ணீர் விடாமல் துளை போடும் இடத்துக்குச் சீட்டு தரக்கூடாது. கல்லுக்கு இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையாக இருக்காது.

அண்ணனோடு ஒரே குவாரியில் கம்ப்ரசர் ஓட்டியவர்களின் பெயர்களை நான் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அண்ணி நினைவிலிருந்து சொன்னார், சாப்பாட்டுக்கடை அம்மா சில பெயர்களைச் சேர்த்தார். இதுவரை பதினேழு பேர். அவர்களில் ஆறு பேர் உயிரோடு இல்லை. நால்வருக்கு இப்போது இருமல் இருக்கிறது. அவர்களில் ஒருவர் இன்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அந்த நோட்டை எந்த நாளில், எந்த அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று தெரிவியுங்கள். அந்த நால்வரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வேப்பனப்பள்ளிப் பக்கத்து மா விவசாயி,
ஒரு கம்ப்ரசர்காரரின் தங்கை