ஓட்டுகளை நேர்மையாகவே எண்ணவிடு

தஞ்சோங் மாலிம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் நாவலின் மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். மக்கள் ஓட்டுப் போடும் நாடு எப்படிச் சர்வாதிகார நாடாகும் என்று உன் வகுப்பில் கேட்டார்களாமே. அதற்குப் பயந்துதான் கதையில் கள்ள ஓட்டைக் கொண்டுவந்தாய் என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிடம்மா. தேர்தல் நேர்மையாகவே நடக்கட்டும். மக்கள் மனம் ஒப்பி அந்த ஆட்சியைக் கொண்டுவரட்டும். கதையின் பயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

யார் ஆள்வது என்பதைத்தான் ஓட்டுப்பெட்டி சொல்லும். ஆள்பவரின் கை எதுவரை நீளலாம் என்பது வேறு கேள்வி. சாப்பாடு, படிப்பு, கல்யாணம், மனசுக்குள் ஓடும் நினைப்பு வரைக்கும் அந்தக் கை வந்தால் அது சர்வாதிகாரம்தான், பெரும்பான்மையே அதை நீட்டினாலும்.

நம் ஊரையே பார். 1952 மார்ச்சில், குடிநீர்க் குழாயைச் சரிபார்க்கப் போனவர்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்றார்கள். ஊர்மக்கள் தகவல் தரவில்லை என்று, அப்போது மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்பளர் நேரில் வந்து கோபப்பட்டார். நாளுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கீடும் குறைந்தது. அப்புறம் வீடு வீடாக ஒரு தாள் கொடுத்தார்கள். பெயர் போட வேண்டாம், கெரில்லாக்களைப் பற்றித் தெரிந்ததை எழுதினால் போதும் என்றார்கள். தாள்களெல்லாம் முத்திரையிட்ட பெட்டிகளில் கோலாலம்பூருக்குப் போயின. பெட்டி, ரகசியம், பெயரில்லாத தாள் என்று வாக்குச்சாவடியில் இருப்பதெல்லாம் அங்கேயும் இருந்தது. டெம்பளரை அனுப்பியது தேர்தலில் வென்று வந்த சர்ச்சிலின் அரசு. அவர்கள் நாட்டில் ஓட்டு, நம் ஊரில் ஊரடங்கு. உன் கதையிலும் இப்படி ஓரத்தில் ஓர் ஊர் இருக்கட்டும். தலைநகரத்து மக்கள் தங்களுடையது ஜனநாயக நாடு என்று உண்மையாகவே நம்பட்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1960இல், நம் நாடாளுமன்றமே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விசாரணையே இல்லாமல் ஒருவரை இரண்டு ஆண்டு அடைக்கலாம், அதை நீட்டிக்கொண்டே போகலாம். 2012 வரை அது இருந்தது. அதற்காக மலேசியாவைச் சர்வாதிகார நாடு என்று நான் சொல்ல மாட்டேன். தோற்றவர்கள் மறுபடி நிற்க முடிந்தது, 2018இல் ஆட்சியும் மாறியது. இந்த வேறுபாட்டைக் கதையில் கவனமாகக் காட்டு. கொடுமையான சட்டம் உள்ள நாடு எல்லாம் உன் நாவலில் வரும் நாடு ஆகிவிடாது.

ரஷ்ய எழுத்தாளர் சம்யாத்தின் எழுதிய 'நாம்' நாவலில் ஆண்டுதோறும் தேர்தல் உண்டு, எல்லாரும் பார்க்கக் கை தூக்க வேண்டும். ஒரு முறை ஆயிரக்கணக்கானோர் எதிராகக் கை தூக்கும்போது நாடே கலங்கிப்போகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனாலும் அது வெறும் சடங்குத் தேர்தல், உனக்கு உதவாது. அமெரிக்க எழுத்தாளர் பிராட்பரியின் 1953ஆம் ஆண்டு நாவலான 'ஃபாரன்ஹீட் 451'தான் உனக்கு நெருக்கம். புத்தகம் எரிக்கும் படையின் தலைவரே, இது அரசாங்கம் மேலிருந்து தொடங்கியதல்ல, மக்கள்தான் முதலில் படிப்பதை விட்டார்கள் என்று விளக்குகிறார். 1840இலேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்வில் இதற்குப் பயந்திருக்கிறார். அடிக்காமல், மிரட்டாமல், பிள்ளைகளைப் போல் மக்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அதிகாரம் வரும்; எசமானைத் தேர்ந்தெடுக்கும் நேரத்துக்கு மட்டும் அவர்கள் அதன் பிடியிலிருந்து வெளியே வந்து, உடனே திரும்பிப் போய்விடுவார்கள் என்று எழுதினார். அந்தப் பகுதியைத் தேடிப் படி.

உன் மூன்றாம் அத்தியாயத்தில் எதிர்த்து ஓட்டுப் போடும் தாதி வருகிறாளே, அவளை நீ உடனே சிறைக்கு அனுப்பிவிட்டாய். வேண்டாம். அவளை யாரும் கைது செய்யவே வேண்டாம். யாருக்குப் போட்டாய் என்று கேட்டபோது அவளே உண்மையைச் சொல்லிவிடட்டும். மறுநாள் அவள் வேலைக்குப் போகிறாள். கூட வேலை செய்பவர்கள் சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கடைக்காரர் பழைய கடனைக் கேட்கிறார். பள்ளியில் அவள் பிள்ளையின் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இதையெல்லாம் எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அவரவர் தாமாகச் செய்கிறார்கள். இதைப் பத்துப் பக்கமாவது எழுது, அவசரப்படாதே.

அவளுக்கு ஒரு பெயரும் வை. எல்லா இடத்திலும் 'அவள்' என்றே எழுதியிருக்கிறாய். நான்காம் அத்தியாயம் முடிந்ததும் அனுப்பு, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அம்மாவும் படிக்கக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அப்பா