மதகுக்கு ஆதரவா, எதிர்ப்பா?

அன்புள்ள சண்முகம்,

நியூஜெர்சியில் குளிர் தாங்குகிறாயா? மகளும் மாப்பிள்ளையும் சுகம்தானே? நீ அனுப்பிய வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அமெரிக்க டிவி நகைச்சுவைக்காரர் ஜான் ஸ்டூவர்ட்டை, ஆள் சிரிக்க வைப்பார் என்று நம்பித்தான் கூப்பிட்டிருப்பார்கள், பாவம். 2004 அக்டோபரில், சிஎன்என்னின் 'கிராஸ்ஃபயர்' விவாத நிகழ்ச்சி மேடையிலேயே உட்கார்ந்துகொண்டு, இது விவாதமில்லை, நாடகம், நாட்டைக் கெடுப்பதை நிறுத்துங்கள் என்கிறார். பட்டாம்பூச்சி டை கட்டிய நெறியாளர் டக்கர் கார்ல்சன், வேடிக்கையாகப் பேசுவீர்கள் என்று நினைத்தேனே என்று நெளிகிறார். உங்கள் குரங்காக நான் ஆடமாட்டேன் என்று பதில் வருகிறது. மூன்றே மாதத்தில் நிகழ்ச்சிக்கு மூடுவிழா அறிவித்த சிஎன்என் தலைவர், ஸ்டூவர்ட் சொன்னது சரிதான் என்றும் ஒப்புக்கொண்டாராம். ஆனாலும் 2013-ல் தூசி தட்டி மறுபடி எடுத்திருக்கிறார்கள் பார். அடுத்த வருடமே அதுவும் நின்றுபோனது.

எனக்கும் ஒரு கதை இருக்கிறது. போன மாதம் ஒரு சேனலிலிருந்து போன். எந்த சேனல் என்று கேட்காதே.

"சார், கண்மாய் உடைஞ்சதைப் பத்தி விவாதம். நீங்க அரசுக்கு ஆதரவா, எதிர்ப்பா?"

"தம்பி, நான் தண்ணீர் திறந்துவிடும் மதகு, உபரி நீர் வழியும் கலுங்கு பற்றிப் பேசுவேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி சார், நடுநிலைன்னு போட்டுக்கறேன்."

இங்கே மதுரையில் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, முகத்தில் பவுடர் அப்பி, காதில் ஒன்றைச் செருகினார்கள். சென்னையில் நடப்பது குரலாக மட்டும்தான் கேட்டது. "உங்கள் ஆட்சியில்", "அது உங்கள் ஆட்சியில்" என்று அரை மணி நேரம். நான் சொல்ல நினைத்ததோ எந்த ஆட்சியிலும் நடப்பது. தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவார்கள். மழை வலுக்கும்போது உபரி நீருக்குப் போக வழியிருக்காது, கரை பிய்த்துக்கொள்ளும். முப்பது வருடம் பொதுப்பணித் துறையில் அந்த மூட்டைகளை இழுத்துப்போட்டவன் நான். "கலுங்கில்..." என்று வாயைத் திறந்தேன். "ஒரு சின்ன இடைவேளை" என்றார் நெறியாளர். திரும்பி வந்ததும், "நேரம் கருதிப் பத்தே நொடியில் சொல்லுங்கள், யார் பொறுப்பு?" என்றார்.

நான் வாயைப் பிளந்து நிற்கும் கட்டத்தைப் பேரன் படமெடுத்து, பக்கத்தில் வடிவேலு முகத்தை ஒட்டி, 'கலுங்கு, கலுங்கு, கலுங்...' என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான், படவா. முதலில் எனக்குக் கோபம். விவாதம் முடிந்த அன்று ஒருத்தர்கூடப் பேசவில்லை. மீம் வந்த மறுநாள் காலை திருச்சி மைத்துனர் போன் செய்து, "அதென்ன மாப்பிள்ளை கலுங்கு?" என்று கேட்டார். பதினைந்து நிமிடம் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை மனுஷன்.

ஏப்ரலில் வரும்போது முழங்கால் வலி தைலம் இரண்டு வாங்கி வா. போன தடவை கொண்டுவந்ததே, அதே பச்சை டப்பா.

உன்,
ராஜு