செம்பட்டி சாலையில் வண்டியை நிறுத்திய அண்ணனுக்கு

எங்களுடையது இரண்டு ஏக்கர். பஞ்சகவ்யமும் மாட்டு எருவும்தான் உரம். ஞாயிறுதோறும் திண்டுக்கல்லில் இருபத்திரண்டு வீடுகளுக்குக் கீரை கொண்டுபோகிறேன். சென்ற வாரம் செம்பட்டி தாண்டியதும் மொபெட்டின் செயின் அறுந்துவிட்டது. அறுபது கட்டுகள்; வெயில் ஏறினால் அரைக்கீரை தலை சாய்ந்துவிடும்.

நான் கைகாட்டாமலே உங்கள் சரக்கு ஆட்டோவை நிறுத்தினீர்கள். என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை. முதலில் ஒரு சாக்கை உதறி விரித்தீர்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றி, கட்டுகளை வேர்ப்பக்கம் ஒன்றுபோல் அடுக்கிப் போர்த்தினீர்கள். கீரையைத் தெரிந்த கை அது! மொபெட்டையும் ஏற்றிக்கொண்டு, தெருத் தெருவாகக் கூடவே வந்தீர்கள். மூன்றாம் மாடிப் பாட்டிக்கு நீங்களே ஏறிப்போய்க் கொடுத்தீர்கள்.

வாடகை என்றதும் கையை மறித்தீர்கள். "மருந்தடிக்காத கீரைதானே தங்கச்சி? பிள்ளைக்கு ஒரு கட்டு போதும்" என்றீர்கள்.

அண்ணா, பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. மனம் நிறைந்த நன்றி. இதைப் படிப்பவர்கள் அவரிடம் சொல்லுங்கள்: பிள்ளைக்கு வாராவாரம் ஒரு கட்டு எடுத்துவைக்கிறேன். சாக்கையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.