சாமி பெயரால்தான் மறுத்தார் என் அம்மா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கைம்பெண் சடங்குகள் பற்றி வந்த கட்டுரை நல்ல கட்டுரைதான். ஆனால் 'சாமி நம்பிக்கை இருக்கும்வரை இவை ஒழியாது' என்ற வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சடங்கை ஒழித்ததே சாமி நம்பிக்கைதான்.

அப்பா இறந்த பத்தாம் நாள். அம்மாவுக்கு மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, அப்புறம் ஒவ்வொன்றாகப் பறிப்பதற்கென்றே சொந்தக்காரப் பெண்கள் கூடத்தில் காத்திருந்தார்கள். அம்மா அதிகம் படித்தவர் இல்லை. மேடையில் உரிமை பேசியவரும் இல்லை. "வள்ளலார் வேண்டாம்னு சொல்லியிருக்கார். நான் உட்கார மாட்டேன்" என்றார். பெரியப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். அத்தை வெகுநாள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா அசையவில்லை. என் கல்யாணத்தில் நெற்றியில் பொட்டோடு மணமேடையில் நின்று என்னைத் தாரை வார்த்தது அவர்தான்.

கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம், கருமாதி, திதி வேண்டாம் என்று வள்ளலார் தம்மைச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லி வைத்தது தாங்கள் அறியாததல்ல. 1874இல் மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் அவர் அறைக்குள் போய்க் கதவு சாத்தப்பட்டு மறைவதற்கு முன்பே சொன்னது. அதற்கும் முன்பு, 1856இலேயே, விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து என்ன? எங்கள் கூடத்தில் அன்றைக்கு அம்மாவுக்குத் துணை நின்றது சட்டமா? சாமி குற்றம் வரும் என்று மிரட்டியவர்களுக்கு, சாமியை வைத்துத்தான் அவரால் பதில் சொல்ல முடிந்தது. தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரும், தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடுதான் கும்பிட வேண்டும் என்றார். ஆடு, கோழி பலியை விடச் சொன்னார். இவர்களெல்லாம் நம்பிக்கையை விட்டவர்களா?

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். தைப்பூசம் வந்தால் தங்கள் இதழில் வடலூர் கூட்டத்தின் படம் வரும், ஏழு திரை விலகும் ஜோதி தரிசனம் வரும், தருமச்சாலையில் 1867 முதல் அணையாத அடுப்பும் வரும். தாலி பற்றி வள்ளலார் சொன்னது மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை. அதே இதழின் ஆன்மிகப் பக்கத்தில் 'சுமங்கலிகள் மட்டும் செய்ய வேண்டிய பூஜை' என்று அச்சாகிறது. அம்மாவுக்கு இப்போது கண் சரியில்லை, நான்தான் படித்துக் காட்டுகிறேன். அந்த வரி வரும்போது விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். 2023இல், கைம்பெண் என்று சொல்லி ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்துச் சொன்னதே, அதற்குப் பிறகாவது அந்தப் பக்கம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. இத்தனை வருடமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் வீட்டில் இது எப்படி வலிக்கும் என்று தாங்கள் ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் தைப்பூச இதழில் வள்ளலாரின் அந்த உபதேசத்தைக் கட்டம் கட்டி முழுதாக வெளியிடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், ஆன்மிகப் பக்கத்தில் 'சுமங்கலிகள்' என்று வரும் இடத்தில் 'பெண்கள்' என்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
விருத்தாசலம்